கடந்த தொண்ணூறு நாட்களில்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவர் டாக்டர். உண்மையில் அவர் டாக்டர் இல்லை. முப்பத்தெட்டு வருடமாக ஒரே இடத்தில் மருந்துக் கடை வைத்திருப்பவர், அவ்வளவுதான். ஆரம்பத்தில் "நான் டாக்டர் இல்லைங்க" என்று மறுத்துப் பார்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே மறுத்தார். அப்புறம் சிரிப்பு மட்டும் மிச்சமிருந்தது. இப்போதெல்லாம் யாராவது "கடைக்காரரே" என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டார்.

அவருடைய தங்கை கண்டக்டர். அது பட்டப்பெயர் இல்லை, நிஜம். இருபத்தொன்பது வருடம் நகரப் பேருந்தில் டிக்கெட் கிழித்து, மூன்று வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றவள். புருஷன் இல்லை. ஒரே மகள் கடல் கடந்த ஊரில். அந்த மகளுக்கு இது ஒன்பதாம் மாதம். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. கப்பல் கரைக்கு வர இன்னும் இரண்டு மாதம் ஆகும். பிரசவத்துக்குக் கூட இருக்க அம்மாவை விட்டால் அந்தப் பெண்ணுக்கு ஆளே கிடையாது. சனிக்கிழமை விமானம். அன்றைக்குப் புதன்.

பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் ஆகிவிட்டது. பாக்கி இருந்தது இன்ஷூரன்ஸ் ஒன்றுதான். டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ்காரர் ஒரு பாலிசியை நீட்டியிருந்தார். "போய்ட்டு வர்றதுக்கு இது தாராளமா போதும் சார். கையெழுத்து மட்டும் போடச் சொல்லுங்க."

டாக்டர் அதை வாங்கிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தார். மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கிற தாளைக்கூட விடாமல் படிக்கிறவருக்கு இதெல்லாம் கரும்பு. இரண்டாம் பக்கத்திலேயே பிடித்துவிட்டார்.

"ஏற்கெனவே இருக்கற நோயால வர்ற எதுக்கும் காசு கிடையாதுன்னு போட்டிருக்கே. இவளுக்கு பதினோரு வருஷமா பிரஷர். அங்க போய் தலை சுத்தி விழுந்தா யாரு பாக்கறது?"

"ஐயோ சார், இதையெல்லாம் யாரு சார் படிக்கறாங்க?"

"நான் படிப்பேன்."

படித்தார். நாலு கம்பெனி பாலிசியை வரவழைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஒன்று மயங்கி விழுந்தால் உயிர் பிழைக்கிற வரைக்கும் மட்டும் கொடுக்கும். இன்னொன்று அறுபது வயதுக்கு மேல் என்றால் பாதிதான் கொடுக்கும். மூன்றாவதில் எல்லாம் நன்றாக இருந்தது, ஆம்புலன்ஸைத் தவிர. நாலாவதைப் பார்த்ததும்தான் அவர் முகம் மலர்ந்தது. பழைய நோய் இருந்தாலும் பரவாயில்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதற்கும் சேர்த்துக் கொடுப்போம் என்றது அது. ஒரே நிபந்தனை: கம்பெனியிலிருந்து போன் பண்ணிக் கேள்வி கேட்பார்கள், போகிறவரே நேரில் பதில் சொல்ல வேண்டும்.

"கேக்கட்டுமே. நமக்கென்ன மடியில கனமா?" என்றாள் தங்கை.

அந்தப் போன்தான் புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது.

கடையின் பின்னறையில், குளுக்கோஸ் பெட்டிகளுக்கு நடுவே இருந்த ஒற்றை நாற்காலியில் தங்கை உட்கார்ந்திருந்தாள். அண்ணன் நின்றுகொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டு ஒரு பெட்டியின் மேல் வைத்திருந்தார்கள். மறுமுனையில் பேசிய பெண் பதமாகப் பேசினாள். உரையாடல் பதிவு செய்யப்படுகிறது என்று முதலிலேயே சொன்னாள். வயது, எடை, சர்க்கரை உண்டா, ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்று வரிசையாகக் கேட்டாள். தங்கை கூட்டமான பஸ்ஸில் பின்சீட்டுக்குக் கேட்கிற குரலில் பதில் சொன்னாள். அண்ணன் கையைக் காட்டி மெதுவா, மெதுவா என்றார்.

"பிரஷருக்கு மாத்திரை சாப்பிடறீங்களா மேடம்?"

"சாப்பிடறேன். அஞ்சு மில்லிகிராம், பதினோரு வருஷமா. எழுதிக்கங்க, நான் எதையும் மறைக்கறவ இல்ல."

"நன்றி மேடம். கடந்த தொண்ணூறு நாட்கள்ல அந்த மாத்திரையோ, அதோட அளவோ மாறியிருக்கா?"

"இல்லவே இல்ல. அதே மாத்திரை, அதே அளவு. எங்க அண்ணன்தான் வாராவாரம் டப்பாவுல போட்டுத் தருவாரு. ஒரு நாள் மாறினதில்ல" என்று சொல்லிவிட்டுத் தங்கை நிமிர்ந்து அண்ணனைப் பெருமையாகப் பார்த்தாள்.

அண்ணன் பார்வையைக் குளுக்கோஸ் பெட்டிகள் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"மூச்சு வாங்கறது, நெஞ்சுல பாரம், அந்த மாதிரி ஏதாவது?"

"ஓடற வண்டியில முப்பது வருஷம் ஏறி இறங்கினவங்க நான். மூச்சுதான் எனக்கு பயப்படும்."

மறுமுனைப் பெண் சிரித்துவிட்டாள். அண்ணனும் சிரிக்க வேண்டும் என்று நினைத்தார், உதடு பிரியவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த வார்த்தையைச் சொல்கிற இடம் வந்து, நின்று, போயே போய்விட்டது. அந்தப் பெண் அடுத்து முகவரியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்தாவது நிமிஷம் வாழ்த்துச் சொல்லி வைத்துவிட்டாள். பாலிசி மதியத்துக்குள் மின்னஞ்சலில் வரும் என்றாள்.

"அவ்வளவுதானா? இதுக்கா இத்தனை அலட்டல்?" என்று தங்கை கைப்பையை எடுத்துக்கொண்டு செருப்புக் கடைக்குக் கிளம்பினாள்.

அளவு மாறியிருந்தது. ஆறு வாரத்துக்கு முன், ஒரு திங்கட்கிழமை, தங்கை கடைக்கு வந்தபோது வாசலின் மூன்று படியை ஏறிவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெற்றியெல்லாம் வியர்வை. "வாயுத் தொல்லை" என்றாள். அவர் உட்கார வைத்துப் பிரஷர் மிஷினைக் கையில் சுற்றினார். நூற்றி எழுபத்திரண்டு. மறுபடி பார்த்தார், அதேதான்.

"எவ்வளவு?" என்று கேட்டாள்.

"நூத்தி முப்பத்தி நாலு. உனக்கு இது சரியான அளவு" என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவரிடம் நல்ல நல்ல காரணங்கள் இருந்தன. உண்மையைச் சொன்னால் பயந்து பிரஷர் இன்னும் ஏறும். டாக்டரிடம் போ என்றால் போக மாட்டாள். புருஷனைச் சாதாரணக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்த் தனியாகத் திரும்பி வந்தவள் அவள். போனாலும் அந்த டாக்டர் விமானத்தில் ஏறாதே என்பார். எல்லாம் சரிதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு காரணம் இருந்தது, அதை அவர் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை. நம்மால் முடியாதா என்ன, இதற்கு எதற்கு இன்னொரு டாக்டர் என்பதுதான் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழு நாள் டப்பாவை நிரப்பும்போது ஐந்துக்குப் பதில் பத்து மில்லிகிராம் போட்டுக் கொடுத்தார். "மாத்திரை பெருசா இருக்கே?" என்று தங்கை கேட்டாள். "கம்பெனி மாறியிருக்கு" என்றார். மருந்துக் கடைக்காரர்கள் ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிற வாக்கியம் அது. முப்பத்தொன்பது தடவை உண்மையாகத்தான் இருக்கும்.

மதியம் ஒரு மணிக்குப் பாலிசி வந்தது. இருபத்தாறு பக்கம். பில் போடுகிற மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு படித்தார். பதினேழாம் பக்கத்தில் அவர் தேடியது இருந்தது. இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடினார்.

"காப்பீட்டுக்கு முந்தைய தொண்ணூறு நாட்களில் மருந்தோ மருந்தின் அளவோ மாறியிருந்து, அது தெரிவிக்கப்படாவிட்டால், அந்த நோய் தொடர்பான எந்தச் செலவுக்கும் நிறுவனம் பொறுப்பேற்காது. தெரிவிக்காதது அறிந்து நடந்திருந்தாலும் அறியாமல் நடந்திருந்தாலும் இது பொருந்தும்."

அதற்குக் கீழே இன்னொரு வரி. சிகிச்சையின்போது நோயாளியின் கைவசம் உள்ள மருந்துகளையும் பழைய மருத்துவப் பதிவுகளையும் நிறுவனம் கேட்டுப் பெறலாம்.

இவரிடம் பதிவு என்று ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. ஆனால் எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் மயங்கிய நிலையில் ஒருவரைக் கொண்டுவந்தால் முதலில் என்ன செய்வார்கள் என்று அவருக்குத் தெரியும். கைப்பையைத் திறந்து என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்ப்பார்கள். மாத்திரையைப் பார்த்தே பத்து என்று கண்டுபிடித்துவிடுவார்கள். ஐந்து என்று தங்கையின் குரல் பதிவாகியிருக்கும்.

கடைப் போன் அடித்தது. எடுத்தால், தங்கை மகள்.

"மாமா, பாலிசி வந்துடுச்சா? அம்மா சொன்னாங்க."

"வந்துடுச்சும்மா. இப்பதான் பாத்துட்டு இருக்கேன்."

"எல்லாம் சரியா இருக்கா? இங்க ஆஸ்பத்திரியில ஒரு நாள் படுத்தாலே எங்களால தாங்க முடியாது மாமா. போன மாசம் என்கூட வேலை பாக்கறவங்களோட அப்பா வந்த இடத்துல விழுந்துட்டாரு. இன்ஷூரன்ஸ்காரன் கைய விரிச்சுட்டான். அவங்க இப்ப வீட்டை காலி பண்ணிட்டாங்க. எனக்கு தூக்கமே வரல. நீங்க படிச்சுப் பாத்துட்டீங்கன்னா நிம்மதியா இருப்பேன்."

"எல்லாம் சரியா இருக்கு. நீ உடம்பைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார். இன்றைக்கு இது இரண்டாவது பொய் என்று மனசு எண்ணியது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்த யோசனை நல்ல யோசனை மாதிரியே வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. பழைய அளவையே மறுபடி கொடுத்துவிட்டால்? பையில் ஐந்து இருக்கும், பதிவிலும் ஐந்து இருக்கும். யார் என்ன கண்டுபிடிக்க முடியும்? ஆறு வாரப் பயணத்துக்காக அவர் ஏற்கெனவே ஆறு டப்பாக்களை நிரப்பி டிராயரில் வைத்திருந்தார். அவற்றை எடுத்து மேசையில் வைத்தார். முதல் டப்பாவைக் கவிழ்த்துப் பெரிய மாத்திரைகளைக் கொட்டினார். அலமாரியிலிருந்து பழைய அட்டையை எடுத்தார். ஞாயிறு அறையில் ஒரு சின்ன மாத்திரை. திங்கள் அறையில் ஒன்று. செவ்வாய் அறையில் ஒன்று.

செவ்வாயில் கை நின்றது. பதினாலு மணி நேர விமானம். பிரஷர் நூற்றி எழுபத்திரண்டில் இருந்த பெண்பிள்ளையைப் பாதி மருந்தோடு அதில் உட்கார வைக்கப் பார்க்கிறோம். எதற்கு? ஒரு காகிதம் செல்லுபடியாக வேண்டும் என்பதற்கு. அட மடையா, என்று அவர் தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்திருக்கும்போதே தங்கை வாசற்படி ஏறி வந்தாள். கையில் அட்டைப் பெட்டி. முகத்தில் கல்யாணக் களை.

"ஷூ வாங்கிட்டேன். வெள்ளைக்கார துரைசாணி மாதிரி இருக்கேனா பாரு" என்று காலை நீட்டிக் காட்டினாள். "ஒரு சைஸ் பெருசா வாங்கினேன். இந்தக் காலுக்கு என்ன வந்துச்சுன்னே தெரியல, சாயங்காலம் ஆனா பன்னு மாதிரி உப்பிக்குது. ப்ளைட்ல இன்னும் வீங்குமாமே?"

குனிந்து கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அந்த வீக்கம் எதனால் என்று மருந்தோடு வருகிற தாளில், நாலாவது பத்தியில், போட்டிருக்கிறது. அளவு கூடினால் கால் வீங்கும். அவர் எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

"உக்காரு" என்றார்.

"நேரமாச்சு, பெட்டி கட்டணும்."

"உக்காருன்னு சொல்றேன்ல."

குரலைக் கேட்டு அவள் உட்கார்ந்தாள். மேசையில் திறந்து கிடந்த டப்பாவையும் சிதறிக் கிடந்த மாத்திரைகளையும் அப்போதுதான் பார்த்தாள்.

"இது பழைய மாத்திரை இல்ல. அஞ்சு வாரமா நீ சாப்பிடறது ரெட்டிப்பு" என்றார் அவர்.

"கம்பெனி மாறினதுன்னு சொன்னியே?"

"பொய்."

"அன்னிக்கு பிரஷர் பாத்தியே. நூத்தி முப்பத்தி நாலுன்னு…"

"நூத்தி எழுபத்திரண்டு."

வாசலில் ஒரு பேருந்து நின்று, ஆள் இறக்கி, கிளம்பிப் போனது. அதுவரைக்கும் அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ பயந்துடுவேன்னு."

"காலைல அந்தப் பொண்ணு கேட்டாளே. என் முன்னாலதானே நின்னுக்கிட்டிருந்த? நான் பாட்டுக்கு உன்னப் பத்தி பெருமையா பேசிட்டிருக்கேன். வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவர் பாலிசியின் பதினேழாம் பக்கத்தைத் திருப்பி அவள் முன்னால் வைத்து, விரலால் அந்த வரியைக் காட்டினார். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாக இரண்டு தரம் படித்தாள். படித்து முடித்தபோது அவள் முகம் வேறு முகமாக இருந்தது. வேலையில் இருந்த காலத்தில் பேருந்துக்குள் நுழையும்போது அவள் போட்டுக்கொள்கிற முகம்.

"டிக்கெட்டே வாங்காம ஏறினவனை நான் எத்தனையோ தடவை விட்டிருக்கேன். போடா, அடுத்த தடவை வாங்கிக்கன்னு. ஆனா ஒரு சிலர் இருப்பாங்க. கையில டிக்கெட் இருக்குன்னு நம்பி, ஜன்னல் பக்கமா காத்து வாங்கிட்டு உக்காந்திருப்பாங்க. யாரோ பழைய டிக்கெட்டைக் குடுத்து ஏமாத்தியிருப்பான். செக்கர் வந்து நடுவழியில இறக்குவாரு. அந்த முகத்தை என்னால பாக்கவே முடியாது." கண்ணாடியைக் கழற்றினாள். "என்னை அப்படி அனுப்பப் பாத்தியே, அண்ணா."

சட்டையைப் பிடித்துத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"இப்ப என்ன பண்ணலாம்?" என்று கேட்டார். முப்பத்தெட்டு வருடமாக மற்றவர்கள் அவரைக் கேட்கிற கேள்வி.

"என்ன பண்ணறது? கூப்பிட்டு சொல்லணும்."

"சொன்னா சனிக்கிழமை போக முடியாம ஆயிடும்."

"தெரியும்."

"அவ அங்க தனியா…"

"அதுவும் தெரியும். எம் பொண்ணு அவ." அவளே போனை எடுத்து எண்ணைப் போட்டாள். ஸ்பீக்கரையும் அவளே அழுத்தினாள்.

நாலு தடவை இசை ஓடி முடிந்து, ஒரு பெண் குரல் வந்தது; காலையில் பேசியவள் இல்லை. தங்கை பாலிசி எண்ணைச் சொல்லிவிட்டு, இந்தத் தடவை பின்சீட்டுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"காலைல மாத்திரை அளவு மாறலைன்னு சொல்லிட்டேங்க. மாறியிருக்கு. அஞ்சு வாரம் ஆச்சு. நான் தெரிஞ்சு பொய் சொல்லல."

"பரவாயில்ல மேடம், சொன்னது நல்லது. அளவை மாத்தின டாக்டரோட பேரும் ஆஸ்பத்திரியும் சொல்லுங்க, பதிவு பண்ணிக்கறேன்."

தங்கை அண்ணனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது, ஆனால் கூடவே ஒரு தயக்கமும் இருந்தது. சீட்டு இல்லாமல் மருந்து கொடுத்தார் என்று பதிவானால் கடை உரிமத்துக்கே ஆபத்து வரலாம் என்று அவளுக்கும் தெரியும். ஏதாவது ஒரு பேரைச் சொல்லி மழுப்பிவிடுவாள் என்று அவர் ஒரு நொடி நினைத்தார். நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டார். அவள் போனை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"நீயே சொல்லு."

கடைக்கு வெளியே இருமிக்கொண்டு ஒரு ஆள் வந்து நின்றார். வாரத்துக்கு இரண்டு தடவை வருகிற தச்சர். அவர் காதில் விழும் என்று தெரிந்தே அண்ணன் பேசினார்.

"டாக்டர் யாரும் மாத்தலைங்க. நான்தான் மாத்தினேன். மருந்துக் கடை வச்சிருக்கேன். அவங்களோட அண்ணன்."

"பிரிஸ்கிரிப்ஷன் இருக்கா சார்?"

"இல்ல."

"அவங்களுக்குத் தெரிவிச்சீங்களா?"

"இல்ல."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் கேட்டது. இரண்டு வார்த்தை அடிக்க இவ்வளவு நேரமா என்று இருந்தது. பிறகு அந்தப் பெண் நிதானமாகச் சொன்னாள். பாலிசி இப்போதைக்கு நிறுத்தி வைக்கப்படும். ஒரு மருத்துவர் பரிசோதித்து, அளவை முடிவு செய்து, அதே அளவில் முப்பது நாள் நிலையாக இருந்ததாகக் கடிதம் கொடுத்தால் பழைய நோயையும் சேர்த்தே பாலிசி தரலாம். அதற்கு முன்னால் போனால் பிரஷர் சம்பந்தப்பட்ட எதற்கும் பொறுப்பில்லை.

முப்பது நாள். பிரசவத்துக்கு இருபத்திரண்டு நாள்தான் பாக்கி. அண்ணன் தங்கை இரண்டு பேருமே மனசுக்குள் கழித்துப் பார்த்தார்கள்.

"டாக்டர், இருமல் மருந்து ஒண்ணு…" என்று வெளியே தச்சர் இழுத்தார்.

தங்கை திரும்பி அவரைப் பார்த்தாள். "டாக்டர் இங்க இல்லைங்க. கடைக்காரர் இருக்காரு. சீட்டு வச்சிருக்கீங்களா?"

தச்சர் மருந்து வாங்காமல் திரும்பிப் போனார்.

வியாழக்கிழமை தங்கை தானாகவே ஒரு நிஜ டாக்டரிடம் போனாள். அண்ணன் கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இருந்தாலும் அவர் கடையைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போய், கிளினிக் வராந்தாவில் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே இளம் டாக்டரம்மா இசிஜி எடுத்தார், ரத்தம் எடுத்தார், காலை அழுத்திப் பார்த்தார். "ஒரே நாள்ல ரெட்டிப்பாக்கினது யாரு?" என்று கேட்டது வராந்தா வரை கேட்டது.

"வீட்டு ஆளுங்க" என்றாள் தங்கை.

இருதயத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. பழைய மாத்திரையை ஐந்துக்கே இறக்கி, கூட வேறு ஒன்றைச் சேர்த்தார்கள். முப்பது நாள் கழித்து வரச் சொன்னார்கள். அதுவரை விமானம் கூடாது.

மகளிடம் தங்கை வராந்தாவிலேயே நின்று, போனை ஸ்பீக்கரில் போட்டுச் சொன்னாள். அண்ணன் செய்ததைச் சொல்லவில்லை. மாத்திரை மாறியிருக்கிறது, டாக்டர் விடமாட்டேன் என்கிறார் என்று மட்டும் சொன்னாள். மறுமுனையில் அந்தப் பெண் "அப்ப நான் தனியாவா, அம்மா?" என்று கேட்டாள். அண்ணனுக்கு அது தெளிவாகக் கேட்டது. அவருக்கு அழுகை வந்தது, அழுதார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு நோயாளி அவருக்கு என்ன வியாதியோ என்று தள்ளி உட்கார்ந்தார்.

தச்சர் மூலம் விஷயம் தெருவில் எப்படிப் போனதோ தெரியவில்லை. சிலர் டாக்டர் என்று கூப்பிடுவதை நிறுத்தினார்கள், சிலர் நிறுத்தவில்லை. அவரே கடை முகப்பில், சீட்டு இல்லாமல் மருந்து கிடையாது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினார். ஆய்வாளர் வந்துவிடுவாரோ என்று ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்தார். ஒருவரும் வரவில்லை. தங்கையும் வரவில்லை. கிளினிக்குக்குக் கீழே இருந்த வேறு மருந்துக் கடையில் அவள் மாத்திரை வாங்குகிறாள் என்று கேள்விப்பட்டார். முப்பத்தெட்டு வருடத்தில் அந்தக் குடும்பத்தில் யாரும் வேறு கடைப் படி ஏறியதில்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில் குழந்தை பிறந்தது. பெண். கூட இருந்தது பக்கத்து வீட்டில் குடியிருக்கும் ஒரு அம்மாள், அவரிடம் பேச மகளுக்கு மொழிகூடச் சரியாகத் தெரியாது. அவர் கையைத்தான் மகள் பிடித்துக்கொண்டிருந்தாளாம். தங்கை இதைப் போனில் சொன்னாள், மூன்றே வாக்கியத்தில். வாழ்த்துச் சொல்வதா மன்னிப்புக் கேட்பதா என்று அவர் தடுமாறுவதற்குள் வைத்துவிட்டாள்.

முப்பத்துநாலாம் நாள் மதியம் அவள் வந்தாள். மூன்று படியையும் கம்பியைப் பிடிக்காமல் ஏறினாள். காலில் பழைய செருப்பு, வீக்கம் இல்லை. தோளில் ஒரு பை, அதில் பிளாஸ்டிக் உறை போட்ட கோப்பு: டாக்டரம்மாவின் கடிதம், புதுப் பாலிசி, மாத்திரைப் பட்டியல். மறுநாள் விமானம்.

முதலில் போனை எடுத்துக் குழந்தையின் படத்தைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். மூக்கு அப்படியே கண்டக்டர் மூக்கு. சொல்ல வாயெடுத்தார், அவள் போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

பிறகு மருந்துச் சீட்டை எடுத்து, எல்லா வாடிக்கையாளர்களையும் போல மேசைமேல் வைத்தாள். "ஆறு வாரத்துக்கு வேணும்."

அவர் சீட்டைப் படித்து, தேதி பார்த்து, கையெழுத்துப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக்கொண்டார். அலமாரியிலிருந்து அட்டைகளை எண்ணி எடுத்து வைத்தார். டிராயரில் அந்த ஆறு டப்பாக்கள் காலியாக, கழுவித் துடைத்து இருந்தன. எடுத்து வைத்து, வழக்கம்போல முதல் டப்பாவைத் திறந்தார்.

"குடு" என்று தங்கை டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். "நானே போட்டுக்கறேன்."

ஒரு அட்டையை எடுத்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்தாள்.

"இது என்ன?"

"பிரஷருக்கு. காலைல ஒண்ணு."

"எவ்வளவு?"

"அஞ்சு."

அவள் மாத்திரையைப் பார்த்தாள், பிறகு அண்ணனைப் பார்த்தாள்.

"நிஜமா?"

பதினோரு வருடத்தில், ஐந்நூற்றுச் சொச்சம் ஞாயிற்றுக்கிழமையில், அவள் கேட்டிராத கேள்வி அது. கோபமாகக் கேட்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் ஆமாம் என்று சொல்லவில்லை. அட்டையை வாங்கித் திருப்பி, அச்சடித்த பக்கம் மேலே வரும்படி அவள் முன்னால் வைத்தார். பூதக்கண்ணாடியை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"நீயே படிச்சுக்க" என்றார்.

அவள் கண்ணாடியை எடுத்துக் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடிக்கும் வரை, அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.